பியேரோபான் சோவாவே: பன்னிரண்டு ஆண்டுகள் வாங்கி, காத்திருந்து, அருந்திய அனுபவம்

வெள்ளை ஒயினை வாங்கிய ஆண்டிலேயே அருந்தி முடித்துவிட வேண்டும், நாள்பட வைத்திருக்கத் தகுந்தது சிவப்பு ஒயின் மட்டுமே என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை மாற்றியவை இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில், சோவாவே என்னும் சிற்றூரில், நான்கு தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் பியேரோபான் தோட்டத்தின் ஒயின்கள். 2012ஆம் ஆண்டு வேலையின் பொருட்டு வெரோனாவில் குடியேறிய நாளிலிருந்து ஆண்டுதோறும் அவற்றை வாங்கி, சிலவற்றை உடனேயும் சிலவற்றை ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருந்தும் அருந்தி, ஒவ்வொரு புட்டியைப் பற்றியும் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதுவதுதான் இது.

அந்த ஊரின் பெயரையே தாங்கிய வெள்ளை ஒயின்தான் சோவாவே. அப்பெயரைக் கேட்டதும் தண்ணீரைப் போன்ற மலிவு ஒயின் என்று முகம் சுளிப்பவர்களை இத்தாலியிலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1968இல் இந்த ஒயினுக்குச் சட்டப்படி எல்லை வகுத்தபோது, சோவாவே, மொன்தேஃபோர்தே தால்போனே ஆகிய இரண்டு ஊர்களின் பழைய குன்றுகளோடு, அவற்றுக்குக் கீழே விரிந்த வளமான சமவெளியும் அதே பெயருக்குள் வந்துவிட்டது. இங்கு முதன்மையாகப் பயிராகும் கர்கானெகா இயல்பிலேயே அளவுக்கு மீறிக் காய்க்கும் கொடி. கொழுத்த சமவெளி மண்ணில் அதை அதன் போக்கில் விட்டால் குலைகள் பெருகுமே தவிர, சாற்றில் சாரம் இராது. அப்படிப் பெருகிய ஒயின்தான் உலகச் சந்தைகளுக்குப் பெருமளவில் போய்ச் சேர்ந்து, பெயரையும் கீழே இறக்கியது. ஆகவே இந்த ஒயினை முதன்முறையாக வாங்குவோர் லேபிளில் ‘கிளாசிகோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய குன்றுப் பகுதியில் விளைந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

பியேரோபான் குடும்பம் அந்தக் குன்றுகளைவிட்டு இறங்காமல் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் மருத்துவராக இருந்த லியோனில்டோ பியேரோபான் தொடங்கிய இந்தத் தோட்டத்தை உலகறியச் செய்தவர், அதே பெயரைத் தாங்கி, நீனோ என்று அழைக்கப்பட்ட அவருடைய பேரன். ஊரில் பலரும் விளைச்சலைப் பெருக்குவதில் முனைந்திருந்த காலத்தில், அவரும் மனைவி தெரெசிதாவும் விளைச்சலைக் குறைத்தார்கள். 1971இல் கால்வரீனோ என்ற ஒரே தோட்டத்தின் பழங்களை மட்டும் தனியே பிழிந்து, அத்தோட்டத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். அன்று சோவாவேயில் அது யாரும் செய்திராத காரியம். நீனோ 2018இல் காலமானார். இப்போது அவருடைய மகன்கள் அந்திரேயாவும் தாரியோவும் தோட்டத்தையும் நிலவறையையும் கவனித்துக்கொள்கிறார்கள். கைமாறிய பிறகு சுவை மாறிவிடுமோ என்ற கவலை எனக்கு இருந்தது. 2018க்கு முன்னும் பின்னுமான அறுவடைகளை அருகருகே வைத்து அருந்திப் பார்த்ததில் அந்தக் கவலை தீர்ந்தது.

என் குறிப்பேட்டில் மிகுதியான பக்கங்களை நிரப்பியிருப்பது கால்வரீனோதான். ஏறியும் இறங்கியும் உழைப்பது அவ்வளவு கடினம் என்பதால் அந்தச் சரிவுக்கு, இயேசு சிலுவை சுமந்து ஏறிய குன்றை நினைவூட்டி, ‘சிறு கல்வாரி’ என்று பொருள்படும் அப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மண் எரிமலைக் குழம்பு இறுகி உடைந்த கரும்பாறை மண். கொடிகளை நம் ஊர்ப் புடலைப் பந்தலைப் போன்ற மரப்பந்தலில் படரவிடும் வெரோனா வழக்கத்தை இங்கே இன்றும் காணலாம்; இலைகளின் நிழலில் தொங்கும் குலைகள் கோடை வெயிலில் கருகாமல், புளிப்பை இழக்காமல் பழுக்கின்றன. ஏறக்குறைய 70 விழுக்காடு கர்கானெகாவோடு 30 விழுக்காடு திரெபியானோ தி சோவாவே என்ற மற்றொரு திராட்சை வகை சேர்கிறது. மரப்பீப்பாய் எதையும் தொடாமல், உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள சிமெண்டுத் தொட்டிகளில், நுண்ணிய ஈஸ்ட் வண்டலோடு நெடுநாள் கிடந்த பிறகே புட்டியில் அடைக்கிறார்கள்.

வாங்கிய ஆண்டில் திறந்தால் எலுமிச்சைத் தோலும் வெள்ளைப் பூக்களும் மணக்கும். புளிப்பு கூர்மையாக இருக்கும். விழுங்கிய பின் நாக்கின் அடியில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு நிற்கும். நல்ல ஒயின் என்று சொல்லி அத்தோடு நகர்ந்துவிடலாம். நான்காம் ஐந்தாம் ஆண்டில் அது ஏனோ வாய் மூடிக்கொள்கிறது. மணம் குறைந்து, புளிப்பு மட்டும் முன்னே நிற்கும் அந்தக் காலத்தில் திறந்த மூன்று புட்டிகளைப் பற்றியும் ‘காத்திருந்திருக்கலாம்’ என்றே எழுதியிருக்கிறேன். ஏழு ஆண்டுகளைக் கடந்த பிறகு வருவது வேறோர் ஒயின். நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பொன்னாகிறது. உலர்ந்த சாமந்தி, தேன், இவற்றுக்கு அடியில் சிக்கிமுக்கிக் கல்லை உரசினால் எழும் மணம். புளிப்பு அப்படியே இருக்க, அதைச் சுற்றிச் சதை பிடித்ததுபோல் வாய் நிறைகிறது. குளிரும் மழையும் மிகுந்த 2014ஆம் ஆண்டின் அறுவடையைப் பலரும் தவிர்த்தார்கள். வெயில் மிகுந்த 2015ஐத் தேடி வாங்கினார்கள். நான் இரண்டையும் வைத்திருந்து 2022இல் ஒரே இரவில் திறந்தேன். 2015 அகன்று, கனிந்து, முதல் மிடறிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. 2014 ஒல்லியாகத் தொடங்கி, இரண்டு மணி நேரம் கழித்து, மேசையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனிக்கும் அளவுக்கு விரிந்தது.

லா ரோக்கா இதற்கு நேர் எதிர்த் தன்மையுடையது. ஊருக்கு மேலே, வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பத்தாரின் கோட்டையை ஒட்டிய சரிவில், சுண்ணாம்பு மண்ணில், முழுக்கக் கர்கானெகா. 1978 அதன் முதல் அறுவடை. பழங்களைத் தாமதமாகப் பறித்து மரப்பீப்பாய்களில் வளர்க்கிறார்கள். இளமையில் அந்த மரத்தின் மணம் எனக்குச் சற்றுக் கனமாகப் படுகிறது. ஆறாம் ஆண்டுக்கு மேல் மரம் உள்ளடங்கி, ஆப்ரிகாட்டும் குங்குமப்பூவும் நினைவுக்கு வரும்படி ஆகிவிடுகிறது. விலை கால்வரீனோவைவிடக் கூடுதல். ஒரு புட்டிதான் வாங்க முடியும் என்றால் நான் கால்வரீனோவையே எடுப்பேன்.

நாள்பட வைத்திருக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், பழைய அறுவடை என்ற மகிழ்ச்சியில் இரண்டு கால்வரீனோ புட்டிகளை வாங்கினேன். அவை எத்தனை கோடைகள் கண்ணாடிச் சன்னலை ஒட்டிய தட்டில் நின்றிருந்தனவோ, திறந்தபோது பழுப்பேறி, வாடிய ஆப்பிள் வாடையோடு இருந்தன. ஒளியும் வெப்பமும் எந்தத் தோட்டத்தின் உழைப்பையும் அழித்துவிடும். அன்றிலிருந்து புதிய அறுவடையை வாங்கி, என் வீட்டின் வடக்குப் பக்க அறையில், கதவு உள்ள அலமாரியில், படுக்கவைத்தே வைக்கிறேன். அருந்தும் நாளில் மிகவும் குளிரவைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு, 12 பாகை செல்சியஸ் அளவில்தான் முதிர்ந்த கால்வரீனோ மணம் விடுகிறது.

அன்றாட உணவுக்கு இதே குடும்பத்தின் எளிய சோவாவே கிளாசிகோ போதும். திருகு மூடியோடு வருவதால் தக்கை கெடுமோ என்ற அச்சம் இல்லை. இளவேனிலில் வெள்ளை அஸ்பராகஸ் போட்ட ரிசோத்தோ என்னும் அரிசி உணவுக்கும், கார்தா ஏரி மீன் வறுவலுக்கும் அதையே திறக்கிறோம். பாலில் பல மணி நேரம் வேகவைத்துப் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களியோடு பரிமாறும் விச்சென்சா நகரத்துக் கருவாட்டுக்கு மட்டும் முதிர்ந்த கால்வரீனோ வேண்டும். மோந்தே வெரோனேசே பாலாடைக்கட்டியோடும் அது நன்றாகச் சேர்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இவர்கள் எடுக்கும் சிவப்பு ஒயின்களை இரண்டொரு முறையே அருந்தியிருக்கிறேன். அவற்றைப் பற்றி எழுத அது போதாது.

பண்டிகை நாள்களுக்கு லே கொலம்பாரே என்ற ரெச்சோத்தோ, அதாவது உலர்த்திய பழங்களில் எடுக்கும் இனிப்பு ஒயின். குலையின் இரு தோள்களில் வெயில் நன்றாகப் படும் பகுதியை இந்த ஊர் வழக்கில் ‘ரெச்சியே’, அதாவது காதுகள் என்பார்கள்; அந்தச் சொல்லிலிருந்துதான் இந்த இனிப்பு ஒயினுக்குப் பெயர் வந்தது. பறித்த பழங்களைக் குளிர்காலம் முழுவதும் தட்டிகளில் உலர்த்திய பிறகே பிழிகிறார்கள். இனிப்பு மிகுந்திருந்தும் திகட்டாததற்குக் காரணம் கர்கானெகாவின் அந்தப் புளிப்புதான்.

இப்போது அலமாரியில் 2016 கால்வரீனோ மூன்றும், 2019 ஆறும் கிடக்கின்றன. 2016ஐ இந்தக் குளிர்காலத்தில் கருவாட்டு விருந்து நாளிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்குவேன். 2019ஐ இன்னும் தொடவில்லை.