கேள்வி கேட்கும் வைத்தியர், இலக்கம் மட்டும் கேட்கும் மேசை

யாழ்ப்பாணத்தில் தலையிடி என்றால் முதலில் பனடோல், அடுத்து சித்தாலேப தைலம், அதற்கும் அடங்காவிட்டால் கண்ணாடிக் கடை என்பதே பெரும்பாலானோரின் வழக்கம். இவை எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்ட என் அக்காவை, கொக்குவில் பக்கமுள்ள ஒரு தனியார் குடும்ப வைத்திய நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கு மெச்சத்தக்கது மருந்தன்று, விசாரணையே. வலி எவ்வளவு கடுமையானது என்பதைவிட அது எப்படித் தொடங்கியது என்பதையே வைத்தியர் துருவித் துருவிக் கேட்டார். திடீரென உச்சத்துக்குப் போனதா அல்லது மெல்ல மெல்ல ஏறியதா, இருமும்போது கூடுகிறதா, பார்வை மங்கியதா, கை கால் விறைத்ததா, பேச்சுக் குழறியதா, அண்மையில் தலையில் அடிபட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபின் இரத்த அழுத்தத்தை அளந்தார். அக்கா ஐம்பதைக் கடந்தவர் என்பதால், உணவை மெல்லும்போது தாடை நோகிறதா என்றும் கேட்டு, இரு நெற்றிப்பொட்டுகளையும் விரலால் அழுத்திப் பார்த்தார். அந்த வயதுக்குப் பின் புதிதாக வரும் தலையிடி நெற்றிப்பொட்டு நாடியின் அழற்சியால் வந்ததாயின், சிகிச்சை தாமதித்தால் பார்வையே பறிபோகக்கூடும். ஆகவே உடலில் அழற்சி உண்டா என்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார். முடிவில் குறையொன்றும் இருக்கவில்லை.

பின்னர் கைப்பையிலிருந்த குளிசை மட்டைகளை மேசையில் எடுத்து வைக்கச் சொன்னார். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு அதிகமாகப் பரசிற்றமோல் (பனடோல்) எடுத்துவந்தால் அந்தக் குளிசையே தலையிடியை நீடிக்கச் செய்யக்கூடும் என்று விளக்கி, வலித்த நாளையும் விழுங்கிய குளிசையையும் குறித்துவர ஒரு தாளைக் கொடுத்தார். குளிசையை நிறுத்தியதும் முதலில் வலி கூடலாம் என்று அவர் எச்சரித்தபடியே நடந்தது. அதன் பின்னரே தணிந்தது. சி.ரி. ஸ்கேன் எழுதவில்லை. ஸ்கேன் எழுதாத வைத்தியரை ‘ஒன்றும் பார்க்கவில்லை’ என்று சொல்லும் ஊரில் இதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

குறை வெளியே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலையிடி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, வலிப்பு, நினைவு தடுமாறல், உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல், கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் கண் மங்கலோடு வரும் தலையிடி ஆகியவற்றுக்குக் காத்திராமல் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுமாறும், வாகனம் இல்லையேல் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்குமாறும் கூறும் அறிவித்தல், வைத்தியரின் அறைக்குள்ளே தொங்குகிறது. அதை வாசிக்க வேண்டியவர் அதற்கு முன் வெளியே வாங்கில் இருந்து காத்திருக்க வேண்டும். பதிவு மேசையில் பெயரைக் கேட்டு இலக்கம் கொடுப்பார்களே தவிர, என்ன வருத்தம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாரியில் டெங்கு பெருகும் இந்த ஊரில், காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவுமாக வருபவரிடம், டெங்கில் தவிர்க்க வேண்டிய இபுபுரோபனோ அஸ்பிரினோ போட்டீர்களா என்றாவது அந்த மேசையில் விசாரிக்கலாம். போதாக்குறைக்கு, காத்திருக்கும் கூடத்தின் ரியூப் லைற் ஓயாமல் மினுங்குகிறது. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இதைவிடத் தண்டனை வேறில்லை.

நெடுநாளாக வந்துபோகும் தலையிடிக்கு இவ்விடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பின்னேரங்களில் சனம் அதிகம். காலையில் போவதே வசதி, குளிசை மட்டைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.