எரிபொருட் கலத்துக்குள்ள தண்ணியப் பாக்க எக்ஸ்ரேயா நியூத்திரனா?

கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில கடைசி வருஷ புரொஜெக்டுக்கு எரிபொருட் கலத்துக்குள்ள, அதாவது ஐதரசனையும் ஒட்சிசனையும் சேத்து மின்சாரம் எடுக்கிற கலத்துக்குள்ள, அதில உண்டாகிற தண்ணி எப்பிடித் தேங்குது எண்டு ஒரு மொடல் செய்தனான். அதைச் சரிபாக்க ஆற்ற படங்களை நம்புறது எண்ட கேள்வி வந்திச்சு, நான் நியூத்திரன் பக்கம் போயிட்டன்.

தெரிஞ்சதைக் கெதியாச் சொல்லுறன். சின்க்ரோட்ரோன் எண்ட பெரிய துகள் முடுக்கியில வாற செறிவான எக்ஸ்ரே மைக்ரோமீற்றர் அளவுக்குப் பிரிச்சுக் காட்டும், கலத்துக்குள்ள வாயு போற படையில இருக்கிற காபன் நாருகளுக்கு இடையில நிக்கிற துளியும் தெரியும், வேகமும் கூட. நியூத்திரனுக்கு அந்த நுணுக்கம் இல்லை, ஆனா தண்ணியில இருக்கிற ஐதரசனில நல்லாச் சிதறும், அலுமினியத்துக்குள்ளால சும்மா போயிடும், அதால கலத்தைப் பெரிசா மாத்திக் கட்டாமலே தண்ணியப் பாக்கலாம்.

என்னை நியூத்திரனுக்கு இழுத்தது வேற விஷயம். படம் எடுக்கிற எக்ஸ்ரேயே கலத்தைக் கெடுக்குது. கதிர் படப்பட வோல்ட்டேஜ் இறங்கும், கதிரை நிப்பாட்டினாலும் முழுக்கத் திரும்பி வராது. ஏன் எண்டா கலத்தில ஊக்கியா இருக்கிற பிளாற்றினம் பாரமான மூலகம், எக்ஸ்ரேயை நல்லா உறிஞ்சி இலத்திரன்களை வெளிய விடும், அது பக்கத்தில இருக்கிற பொலிமர்ச் சங்கிலிய அறுக்கும், தண்ணியும் கதிர் பட்டு உடைஞ்சு சுயாதீன மூலிகங்களா (எதோடயும் உடன தாக்கம் செய்யிற துண்டுகளா) மாறி, கலத்தின்ர நடுவில இருக்கிற பொலிமர் மெம்பிரேனைத் தாக்கும். அதைவிட முக்கியமா, தண்ணி ஒட்டாம இருக்கப் பூசியிருக்கிற டெஃப்லோன் கதிர் தாங்காத சாமான். அது பழுதானா தண்ணி நிக்கிற இடமே மாறும், பிறகு நாங்கள் பாக்கிறது கலத்தின்ர இயல்பா கதிர் செய்த வேலையா? சோத்துப் பானைய அடிக்கடி திறந்து பாத்தா வேக்காடு மாறுற மாதிரித்தான் இதுவும்.

சுவிஸில பவுல் ஷெரர் நிறுவனத்தில சின்க்ரோட்ரோனும் நியூத்திரன் மூலமும் ஒரே இடத்தில இருக்கு, அங்க எக்ஸ்ரேயில படம் எடுக்கிற ஆக்களே இந்தச் சேதத்தை அளந்து 2014 இல எழுதியிருக்கினம். சேதத்தைக் குறைக்க வழியும் இருக்கு: படம் எடுக்கிற கணத்துக்கு மட்டும் ஷட்டரைத் திறக்கிறது, செறிவைக் குறைக்கிறது, ஒவ்வொரு எடுப்புக்கும் புதுக் கலம் போடுறது. ஆனா கதிரைக் குறைச்சாப் படத்தில இரைச்சல் கூடும்.

நான் ரெண்டு கதிருக்கு முன்னாலயும் நிண்டு படம் எடுத்தவன் இல்லை, மற்றவை எடுத்ததை வச்சுத்தான் கதைக்கிறன். எங்கட நாட்டில ரெண்டுமே இல்லை, கிட்ட எண்டா இந்தூரில இந்துஸ்-2 சின்க்ரோட்ரோனும் மும்பையில நியூத்திரன் தாற துருவா அணு உலையும்தான்.

உங்கட கேள்வி நாருகளுக்கு இடையில இருக்கிற துளைகளைப் பற்றினதெண்டா எக்ஸ்ரே இல்லாம ஏலாது, அதுக்கு நியூத்திரன் காணாது. அப்ப கதிர் கலத்தைக் கெடுத்ததா எண்டு பாக்க, கதிருக்கு முன்னமும் பின்னமும் கரண்ட்-வோல்ட்டேஜ் வளைகோடு எடுத்துப் போட்டிருக்கிற கட்டுரைகளை மட்டும் எடுங்கோ, அது இல்லாததை நான் தொடவே மாட்டன்.