குன்னூர் ஏற்றத்தை அளக்க எந்தக் கருவி: போனா, கைப்பட்டையா, இடுப்புக் கருவியா?

ஊருக்குள் மக்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று ஆராய, சமவெளியில் போன் ஒன்றே பெரும்பாலும் போதும். குன்னூரில் போதாது. இங்கே தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளைச் சோதிக்கிறது.

போனின் ஜிபிஎஸ் வெட்டவெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். உயரத்தில் பிழை இன்னும் அதிகம். மார்க்கெட்டில் காய்கறி வாங்கிப் பெட்போர்டு பக்கம் ஏறும் ஓர் அம்மாவின் பாதை வரைபடத்தில் சின்னக் கோடுதான். வழியில் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கியதும் கடையில் பேசிக்கொண்டு நின்றதும் அதற்கு ஒன்றே. தவிர, அவரிடம் ஸ்மார்ட்போன் இருந்தால்தானே! அதிகம் நடப்பவர்களே கணக்கில் விடுபடும் ஆய்வை என்னால் ஏற்க முடியாது.

கைப்பட்டை கட்டுவதற்குச் சுலபம். ஆனால் கை அசைவை வைத்தே காலடியை எண்ணுகிறது. ஸ்வெட்டர் பாக்கெட்டில் கையை விட்டாலோ, குடை பிடித்தாலோ, தலைச்சுமையைத் தாங்கினாலோ எண்ணிக்கை குறைந்துவிடும். குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் நாடித்துடிப்பு அளவும் தடுமாறும்.

என் ஓட்டு இடுப்புக் கருவிக்குத்தான். அசைவுமானியோடு காற்றழுத்தமானியும் உள்ளதாக வாங்க வேண்டும். சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் ஏறக்குறைய 10 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஒரு மாடி ஏறினாலே நல்ல கருவியில் தெரியும். பஸ்ஸில் ஏறியதா, காலால் ஏறியதா என்பதை அசைவுமானி பிரித்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. நம் பகுதியில் காற்றழுத்தம் காலை 10 மணிவாக்கில் கூடி, மாலை 4 மணிவாக்கில் குறையும். வித்தியாசம் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட 20, 30 மீட்டர் ஏறியதாகக் கணக்கு வரும். அதனால் இன்னொரு கருவியை ஊருக்குள் ஒரே இடத்தில் வைத்து, அதன் மாற்றத்தைக் கழித்தே ஆக வேண்டும். அப்புறம், புடவையில் கிளிப் நிற்காது; எலாஸ்டிக் பெல்ட் கொடுங்கள்.

எந்தப் படிக்குக் கைப்பிடி தேவை என்று சொல்ல இடமும் தெரிய வேண்டும், அதனால் ஜிபிஎஸ்ஸை முழுக்க ஒதுக்க முடியாது. சில நாள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 15 லட்சம் பேரின் செல்போன் தடங்களை அலசி 2013-இல் வந்த ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துக் காட்டின. சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். வீட்டைச் சுற்றிய தடத்தை நீக்கிய பிறகே தரவை ஆய்வாளர் கையில் கொடுக்க வேண்டும்.