கிறிஸ்துமஸ் நம் வீட்டிலா, பிள்ளை வீட்டிலா?

பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டால் டிசம்பரில் வரும் கேள்வி இது.

செலவு: போனால் பண்டிகை நேரத்துப் பயணச்சீட்டு. இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை.

அலைச்சல்: போனால் பெட்டி, கூட்டம், பழகாத படுக்கை. இருந்தால் ஜோடனை நம் தலையில். சின்ன மரம், ஒரு குடில் போதும், பரணில் உள்ள எல்லாவற்றையும் இறக்க வேண்டாம்.

வழக்கம்: விஷயமே இங்கேதான். போனால் நாம் விருந்தாளி. குடிலில் குழந்தை இயேசுவை வைப்பது இனி பேரப்பிள்ளை. இருந்தால் டிசம்பர் 24-ஆம் தேதி இரவு ஆராதனை, பாட்டு எல்லாம் பழையபடி. ஆனால் சாப்பாட்டு மேசையில் சத்தமே இருக்காது. முதல் வருடம் அது கொஞ்சம் வலிக்கும்.

பேரப்பிள்ளை சிறிசு என்றால் கிளம்பிவிடுங்கள். முழங்கால் ஒத்துழைக்கவில்லையா, சரி, வீட்டிலேயே இருங்கள். கிறிஸ்துமஸ் காலம் 12 நாள்; ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் பிள்ளைகள் வரட்டும். அதுவரை மரத்தைக் கலைக்காதீர்கள்.