பழைய செவ்ரோலே டிரக் ஹீட்டருக்கு ரப்பர் ஹோஸா, சிலிக்கான் ஹோஸா?

1947 முதல் 1955 வரை வந்த செவ்ரோலே 3100 டிரக்கைப் புதுப்பிக்கும் பலர் வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டரின் ஹோஸில்தான் தயங்கி நிற்கிறார்கள். எஞ்சினின் சுடுதண்ணீர் ஒரு ஹோஸில் ஹீட்டருக்குப் போய், இன்னொன்றில் வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கம் திரும்புகிறது. இவ்வளவுதான் அமைப்பு.

விலை: ரப்பர் மலிவு, சிலிக்கான் பல மடங்கு.

ஆயுள்: ரப்பர் வெளியே புதுசு போலிருக்கும், உள்ளே கீறல் விட்டிருக்கும். கிளாம்ப் (ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் பட்டை) ஓரத்தில் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று அமுங்கினால் உடனே மாற்ற வேண்டும். சிலிக்கான் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. எண்ணெய் பட்டால் இரண்டுமே கெடும்.

மாட்டுவது: ரப்பருக்குச் திருகினால் இறுகும், பட்டையில் வெட்டுகள் உள்ள சாதாரண வார்ம் (worm) கிளாம்ப் போதும். சிலிக்கான் மெத்தென்றிருப்பதால் அந்த கிளாம்பின் வெட்டுகள் வழியே பிதுங்கி அறுபடும். உள்பக்கம் வழவழப்பான கிளாம்ப் கட்டாயம். சிலிக்கான் ஹோஸின் சுவர் வழியே நீராவியும் மெல்லக் கசியும் என்பதால் ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். இதைப் பலரும் சொல்வதில்லை.

கண்காட்சிக்கு, பழைய தோற்றம் மாறக்கூடாது என்றால் கறுப்பு ரப்பரே அழகு. குளிர்காலத்தில் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு, நல்ல கிளாம்புடன் சிலிக்கான் போடுங்கள்.