புரொஜக்டர் பெல்ட்டோடு 12 வருடம்

என்னிடம் ஒரு சூப்பர் 8 (8 மி.மீ. ஃபிலிம்) புரொஜக்டரும் ஒரு 16 மி.மீ. ஃபிலிம் புரொஜக்டரும் 12 வருடமாக ஓடுகின்றன. இதுவரை பல்பைவிட அதிகம் மாற்றியது, மோட்டாரின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட்டைத்தான்.

சூப்பர் 8-ஐ முதல் தடவை திறந்தபோது உள்ளே பெல்ட்டே இல்லை. புல்லியின் பள்ளத்தில் தார் மாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது. அதுதான் பெல்ட்! பழைய பெல்ட்களில் சில இப்படி இளகிவிடும், சில காய்ந்து வெடிக்கும். அந்தக் கறுப்பு விரலில் பட்டால் சோப்புக்கெல்லாம் மசியாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியும் பஞ்சு சுற்றிய குச்சியுமாக உட்கார்ந்தேன். பொறுமை போய், மிச்சப் பிசுக்கின் மேலேயே புது பெல்ட்டை மாட்டினேன். பத்தே நிமிடத்தில் அதுவும் நழுவியது. மறுபடி முதலிலிருந்து.

அளவு எடுக்கப் பழைய பெல்ட்டை நம்புவதில்லை, இழுபட்டு நீண்டிருக்கும். இரண்டு புல்லிகளையும் சுற்றி நூலை ஓட்டி அளந்து, அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து வாங்குகிறேன். இன்னும் இறுக்கினால் நழுவாதே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், மோட்டார் திணறும், பேரிங் தேயும்.

16 மி.மீ.-க்கு ஒருமுறை பாலியூரித்தேன் கயிற்றை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். சூடான கத்தியின் இரு பக்கமும் முனைகளை வைத்து இளக்கி, கத்தியை உருவி, சட்டென்று சேர்த்து அழுத்த வேண்டும். ஒட்டு பலமாகத்தான் நின்றது. ஆனால் ஒட்டிய இடத்துப் புடைப்பு புல்லியில் ஏறும்போதெல்லாம் 'டக்', ஒலிப்பாதையில் நீளும் பியானோ சுரம் நடுங்கியது. நகவெட்டியால் புடைப்பைச் செதுக்கியதும் பாதி குறைந்தது. ஊமைப் படத்துக்கு இது போதும், ஒலிப் படத்துக்கு ஒட்டில்லாத பெல்ட்தான்.

அந்த மோட்டார் புல்லியில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு (நம் ஊர் மின்சாரம்) ஒன்று, 60-க்கு ஒன்று என இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒருநாள் தவறிப்போய் 60-க்கானதில் மாட்டிவிட்டேன். நொடிக்கு 24 பிரேமில் ஓட வேண்டியது 20-ல் ஓடி, கதாநாயகி கட்டைக் குரலில் பேசினாள்.

போன வருடம் மறுபடியும் படம் மெதுவானது. யோசிக்காமல் புது பெல்ட் வரவழைத்தேன். மாட்டியும் அதே கதை. அப்புறம்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, இயந்திரத்தைக் கையால் சுழற்றும் குமிழைத் திருகிப் பார்த்தேன். அரைச் சுற்றுக்கே முரண்டியது. பல்சக்கரத்தில் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. சுத்தம் செய்து புதுசு வைத்ததும் பழைய பெல்ட்டிலேயே சீராக ஓடுகிறது. புதியது டப்பாவில் கிடக்கிறது.