என்டெவர் மரக்கப்பல் மாடல்: ஏழு ஆண்டில் எது நின்றது, எது கெட்டது

1:64 அளவில் கட்டிய என்டெவர் மாடலை ஏழு ஆண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபின் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மரம் ஏமாற்றவில்லை. கெட்டதெல்லாம் மாடல் கட்டும் சாமான்கள் அடங்கிய கிட்டோடு வந்த பருத்தி நூல், ஈயம் கலந்த வார்ப்புச் சாமான், அவசரத்துக்குத் தடவிய உடனடிப் பசை ஆகிய மூன்றும்தான். பாய்மரக் கப்பல் கிட் வாங்க நினைப்பவர்கள் இந்த மூன்றுக்கும் மாற்றுப் பொருள் வாங்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக் 1768ல் பசிபிக்குக்குக் கொண்டுபோன கப்பல் இது. 1764ல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அதனால்தான் அடி தட்டை, அணியம் (கப்பலின் முன்பகுதி) உருண்டை, முகப்பில் சிலை கிடையாது. அசல் நீளம் 29.77 மீட்டர், மாடலில் உடல்பகுதி மட்டும் 465 மி.மீ. சரித்திரத்துக்கு ஒத்து வரும்படி கட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல தேர்வு குறைவு. பிரிட்டிஷ் கடற்படை இதை வாங்கியபோது வரைந்த வரைபடங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1993ல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் கடலில் இறக்கிய முழு அளவு நகலைச் சிட்னியில் ஏறியே பார்க்கலாம். 1770 ஜூனில் ஆஸ்திரேலியக் கரையோரப் பவளத்திட்டில் மோதியபோது பாரம் குறைக்கக் கடலில் தள்ளிய ஆறு பீரங்கிகளும் 1969ல் கிடைத்துவிட்டன. சந்தேகம் வந்தால் கிட்டின் கையேட்டை நம்பாமல் அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது.

உடலுக்குப் பலகை ஒட்டுவதில்தான் பாதி மாடல்கள் கெடுகின்றன. எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் அணியம் வரை கொண்டுபோனால் அங்கே இடம் போதாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அல்லது நுனி கூராகி உடையும். ஒட்டுவதற்கு முன்பே ஒரு காகிதப் பட்டையைச் சட்டத்தின் (உடலுக்கு விலா எலும்புபோல நிற்கும் குறுக்கு மரம்) மேல் வளைத்து அளந்துகொள்ளுங்கள். நடுச்சட்டத்தில் 112 மி.மீ. வந்தால், 4 மி.மீ. பலகைக்கு 28 வரிசை. அதே 28 வரிசை அணியத்தில் 70 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பலகையும் அங்கே 2.5 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே போகாததால் இது சரி. பின்பக்கம் 130 மி.மீ. இருந்தால் 18 மி.மீ. பற்றாது. அங்கே நாலைந்து ஆப்புப் பலகைகளை இடையில் செருகியே ஆக வேண்டும். ஒடுக்குவதை இழைப்புளியால் ஒரே ஓரத்தில் மட்டும் செய்யுங்கள். இரண்டு ஓரமும் சீவினால் அடுத்த வரிசை உட்காராது.

என்டெவரின் அணியம் கிட்டத்தட்ட அரைவட்டம். 1.5 மி.மீ. பலகையை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து வளைக்கலாம், ஆனால் ஈரத்தோடு ஒட்டக் கூடாது. நனைந்த மரம் அகலத்தில் ஊதியிருக்கும். ஒட்டிக் காய்ந்ததும் சுருங்கி, வரிசைக்கு வரிசை மயிரிழை இடைவெளி விடும். வளைத்த நிலையிலேயே கட்டி ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் ஒட்டினால் ஏழு ஆண்டானாலும் இணைப்பு திறப்பதில்லை. முதல் அடுக்கு முடிந்ததும் உட்புறம் முழுக்க நீர்த்த வெள்ளைப் பசை பூசிவிடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஏசி ஓடும் நேரமும் ஓடாத நேரமும் மாறி மாறி வரும்போது உடல் வெடிக்காமல் நிற்பதற்கு இந்த ஒரு பூச்சு பெரிய காரணம். வெளிப்பக்கம் அரக்குப் பாலிஷ் இரண்டு கை போதும். அது மஞ்சளிக்கவில்லை, உரியவும் இல்லை.

முதல் அடுக்கின் மேல் ஒட்டும் இரண்டாவது பலகை அடுக்கை அசலுக்கு ஒத்தபடி துண்டு துண்டாக ஒட்ட வேண்டும். ஆறேழு மீட்டர் பலகை இந்த அளவில் 95 முதல் 110 மி.மீ. அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டு ஒரே சட்டத்தில் வரக் கூடாது.

செப்புத் தகடு ஒட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். என்டெவரின் அடிப்பாகத்தில் செம்பு கிடையாது. புழு அரிக்காமல் இருக்க மெல்லிய மரப்பலகை மூடி, அகலத் தலை ஆணிகளை நெருக்கமாக அடித்திருந்தார்கள். பலகையைப் பிடிக்கும் மர ஆணியின் அசல் விட்டம் சுமார் 30 மி.மீ., அதாவது மாடலில் அரை மி.மீ. கூட இல்லை. கிட்டில் வரும் 1 மி.மீ. பித்தளை ஆணித் தலை அசலில் 64 மி.மீ. ஆகிவிடும். அப்படி ஓர் ஆணி அந்தக் கப்பலில் இருந்திருக்காது.

கயிறுதான் இந்த மாடலின் உயிர். பழைய கயிற்றுப் பட்டியல்களில் அங்குலத்தில் இருக்கும் எண் சுற்றளவு, விட்டம் அல்ல. கவனிக்காதவர்கள் மாடலையே கெடுத்துக்கொள்கிறார்கள். 12 அங்குலக் கயிறு என்றால் 3.14ஆல் வகுத்து 3.82 அங்குலம், அதாவது 97 மி.மீ. விட்டம். 64ஆல் வகுத்தால் ஒன்றரை மி.மீ. நேரடியாக விட்டமென்று எடுத்தால் ஐந்து மி.மீ. வடம் பாய்மரத்தில் தொங்கும். கிட்டில் மூன்று நான்கு தடிமன் நூல்தான் வரும் என்பதால் பாலியஸ்டர் தையல் நூலை மூன்று புரியாக முறுக்கிச் சொந்தமாகத் திரிப்பதே மேல். தடிமன் அளக்க வெர்னியர் வேண்டாம், அது நூலை நசுக்கும். பென்சிலில் நெருக்கிச் சுற்றுங்கள். 10 மி.மீ. நீளத்துக்குள் எத்தனை சுற்று அடங்குகிறதோ, அந்த எண்ணால் பத்தை வகுத்தால் தடிமன். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கயிறுகள் தார் பூசியவை என்பதால் கருப்புப் பழுப்பு. பாயையும் பருமலையும் (பாய் தொங்கும் குறுக்குமரம்) இழுக்கும் கயிறுகள் வைக்கோல் நிறம். சுத்தக் கருப்பு நூல் பொம்மைபோலத் தெரியும்.

பருத்தி நூல் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. முறுக்கிய இயற்கை நார் ஈரத்தில் இறுகும், காய்ந்தால் தளரும். மே மாதத்தில் விறைப்பாகக் கட்டிய பருத்திக் கயிறு ஐப்பசி மழையில் இறுகி மேல்மரத்தின் (பாய்மரத்தின் மேல் துண்டு) நுனியைப் பின்னுக்கு வளைத்துவிடும். மழையில் கட்டியது கோடையில் தொய்யும். பாலியஸ்டர் ஏழு ஆண்டில் அசையவில்லை. கயிற்று ஏணிப் படிகளுக்கு 0.2 மி.மீ. நூல், படிக்குப் படி 5 மி.மீ. போதும். அது அசலில் ஓரடிக்குச் சற்று மேல். பின்னால் கோடு போட்ட காகிதம் வைத்துக் கட்டுங்கள். நூலை இழுத்து முடிச்சிட்டால் பக்கக் கயிறுகள் இடுப்பு ஒடுங்கியதுபோல உள்ளே வளையும்.

முடிச்சுகளுக்கு உடனடிப் பசை வைத்த இடங்கள் இப்போது கண்ணாடிபோலப் பளபளக்கின்றன, தொட்டால் நூல் அங்கேயே முறிகிறது. பாதிக்குப் பாதி நீர் கலந்த வெள்ளைப் பசை தடம் தெரியாமல் காய்கிறது. பழுது பார்க்க ஈரத்தில் இளக்கவும் முடியும்.

கடைசியாக ஈயம். வார்ப்புப் பீரங்கிகளில் வெள்ளை மாவு பூத்தால் அது தூசி அல்ல. மரமும் பசையும் விடும் அசிட்டிக் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கி ஈயத்தை அரித்து வெண்மாவாக்குகிறது. துடைத்துப் பெயின்ட் அடித்தாலும் அடியில் தொடரும். பித்தளையில் கடைந்த பீரங்கி போடுவதே தீர்வு. பெட்டியின் அடிப்பலகைக்கு ஓக், ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். கண்ணாடி ஒட்ட வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம், நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். எதிரெதிர் பக்கங்களில் அடியில் துளைகள் போட்டு மெல்லிய வலை ஒட்டினால் காற்று நகரும், பூச்சியும் வராது. ஆறு மாதத்துக்கொரு முறை மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் துளைகள் போதவில்லை.